பேச்சியம்மாளின் செம்புத் தோடுகள்

வெள்ளூரணியில் கைகள் பேசத் தொடங்கியது ஒரு புரட்டாசி மாதத்து வியாழக்கிழமை காலையில், சந்தை நன்றாகக் கூடி, வெங்காய வாடையும் கருவாட்டு வாடையும் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டிருந்த நேரத்தில். அதை முதலில் கேட்டவள் இட்லிக்கடை சொர்ணம். அதற்குக் காரணமாயிருந்தவள் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் வேலை பார்த்த பேச்சியம்மாள். ஊரே கேட்ட அந்தச் சத்தத்தைக் கடைசிவரை கேட்காமலே போனவளும் அதே பேச்சியம்மாள்தான்.

பேச்சியம்மன் கோயில் கொடைத் திருவிழாவன்று பிறந்ததால் அவளுக்கு அந்தப் பெயர். பிறவியிலேயே காது கேட்கவில்லை, அதனால் வாய்ப்பேச்சும் வரவில்லை. பேச்சே வராதவளுக்குப் பேச்சி என்று பெயரா, மாற்றி வையுங்கள் என்று சொந்தக்காரர்கள் சொன்னபோது, அவளுடைய அம்மா, அம்மன் வந்து மாற்றச் சொன்னால் மாற்றுகிறேன் என்று சொல்லிவிட்டாள். அம்மன் வரவில்லை. பேச்சியம்மாள் ஜோதி டாக்கீஸ் பள்ளிக்கூடத்தில் கையால் பேசக் கற்றுக்கொண்டு, அண்ணன் சுடலைமுத்துவின் கடையில் எரிந்துபோன பம்புசெட்டு மோட்டார்களைப் பிரித்து, பழைய கம்பியை உருவி எடுத்து, புதுக் கம்பியைச் சுற்று தப்பாமல் கட்டி, முப்பத்தாறு வயது வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டாள். சுற்றுப்பட்ட பதினோரு ஊர் வயல்களுக்கும் அவள் கை பட்ட மோட்டாரிலிருந்துதான் தண்ணீர் பாய்ந்தது. அது யாருக்கும் தோன்றியதில்லை.

உருவிய செம்புக் கம்பி எல்லாம் ஒரே நிறமாக இருக்காது. எரிந்த சூட்டுக்குத் தக்கபடி சில இடம் குங்குமமாகவும், சில இடம் மயில் கழுத்தாகவும், சில இடம் கருப்பட்டியாகவும் மாறியிருக்கும். சுடலைமுத்து அதை எடைக்குப் போடுவான். பேச்சியம்மாள் அதில் ஒரு பிடியை ஒதுக்கி வைத்து, குறட்டால் முறுக்கித் தோடு செய்வாள். கம்பங்கதிர் போல ஒன்று, மீன்முள் போல ஒன்று, அறுந்து துடிக்கும் பல்லிவால் போல ஒன்று. ஒன்று போல இன்னொன்று செய்யமாட்டாள். செய்தவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி வைத்துவிடுவாள். காது கேட்காதவள் காதுக்கு நகை செய்கிறாள் என்று ஊர் சிரிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். சிரிப்பை உதட்டில் படிப்பதுதான் உலகத்திலேயே சுலபம்.

அந்த வருஷம் பள்ளிக்கூடத்துக்குக் கேடு வந்தது. பழைய சினிமாக் கொட்டகையில் நடந்த பள்ளிக்கூடம் அது. படம் ஓடிய சுவரில் கருப்படித்துப் பாடம் எழுதினார்கள், டிக்கெட் கொடுத்த அறையில் சோறு பொங்கினார்கள், இருபத்தாறு பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படித்தார்கள். எங்கிருந்தோ வந்துகொண்டிருந்த உதவி இரண்டு வருஷத்துக்கு முன்னால் நின்றுபோனது. ஆடிக் காற்றில் கூரையின் பாதி பறந்தது. பார்க்க வந்த அதிகாரி, தை ஒன்றாம் தேதிக்குள் புதுக் கூரை இல்லையென்றால் பிள்ளைகளை அவரவர் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

வீடு என்று அவர் எழுதியது எதை என்று பேச்சியம்மாளுக்குத் தெரியும். கடற்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து அந்தோணியம்மாள் என்ற பெண்பிள்ளை போன வருஷம் வந்தபோது, ஏழு வயதாகியும் அவளிடம் உப்புக்கு ஒரு சொல் இல்லை, கடலுக்கு ஒரு சொல் இல்லை, அம்மாவுக்கு ஒரு சொல் இல்லை. தாகம் எடுத்தால் சுவரில் தலையை முட்டுவாள். இப்போது அவள் கையால் பொய் சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டாள். அவளைத் திரும்பவும் அந்தச் சுவருக்கு அனுப்புவதா?

பள்ளிக்கூடத்தை நடத்திவந்த கிளாடிஸ், பேச்சியம்மாளை விட ஏழு வயது சின்னவள், கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள். பேச்சியம்மாள் அவள் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, கையால் சொன்னாள்:

"கூரையை நான் போடுதேன்."

"நீயா? எதை வச்சு?"

"தோடு வித்து."

கிளாடிஸுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. ஆனாலும் பலகை எழுதிக் கொடுத்தாள். 'செவித்திறன் குறைந்த குழந்தைகளின்' என்று அவள் தொடங்கியபோது பேச்சியம்மாள் துணியால் அழித்தாள். "செவிடுதான். நான் செவிடு, பிள்ளைகள் செவிடு. ஊருக்குத் தெரிஞ்ச சொல்லை எழுது. அதைச் சொல்ல அவங்க கூசட்டும், நான் கூசமாட்டேன்." பலகையில் இப்படி நின்றது: செம்புத் தோடு. செவிட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கூரை.

சந்தையில் கோணியை விரித்து உட்கார்ந்தாள். ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் பத்து ரூபாயை வீசிவிட்டுத் தோடு எடுக்காமலே நடந்தார். பேச்சியம்மாள் எழுந்து ஓடி, கூட்டத்தை விலக்கி, அவர் சட்டைப்பையில் அந்தப் பத்து ரூபாயைத் திணித்துவிட்டு வந்தாள். பிறகு இட்லிக்கடை சொர்ணம் வந்தாள். மனசு இளகி வந்தவள் இல்லை, மினுக்கம் பார்த்து வந்தவள். மீன்முள் தோட்டை எடுத்து, பழைய தோட்டைக் கழற்றி, இதை மாட்டி, பேச்சியம்மாள் நீட்டிய கண்ணாடியில் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாள். பேச்சியம்மாள் வழக்கம்போலப் பல் தெரியச் சிரித்துக்கொண்டே, வழக்கம்போல இன்னொரு கையால் சொன்னாள்: "நாலு இட்லிக்கு அரைக் கரண்டி சாம்பார் ஊத்துத கஞ்சப் பிசினாறிக்கு, இந்தத் தோடு கொஞ்சம் அதிகந்தான்."

கண்ணாடி கீழே விழுந்தது.

"யாருட்டி கஞ்சப் பிசினாறி?" என்றாள் சொர்ணம்.

பேச்சியம்மாள் அந்த உதட்டைப் படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு மெதுவாக, ஒரு விரலால், "நீதான்" என்றாள்.

"ஏ, நானா! புளி என்ன விலை விக்குது தெரியுமாட்டி உனக்கு? பருப்பு என்ன விலை?" என்று சொர்ணம் இடுப்பில் கைவைத்துச் சண்டைக்கு நின்றாள். கால்மணி நேரம் இரண்டு பேரும் சாம்பாரைப் பற்றிச் சண்டை போட்டார்கள், ஒருத்தி வாயால், ஒருத்தி கையால். சுற்றி நின்றவர்கள் சொர்ணத்துக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்தார்கள். பேச்சியம்மாளின் வாழ்நாளில் கடைத்தெருவில் யாரும் அவளோடு சண்டை போட்டதில்லை. பாவம் என்று விட்டுவிடுவார்கள். அன்றைக்குச் சண்டை முடிந்து சொர்ணம் தோடு வாங்கிக்கொண்டு போன பிறகு, பேச்சியம்மாள் கோணியில் உட்கார்ந்து, தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்தாள்.

அடுத்த சந்தைக்குள் டப்பா காலியாகிவிட்டது. ஏன் இப்படி என்று ஊர் கேட்காமல் இல்லை, ஒரு வாரம் கேட்டது. மின்சாரம் ஓடிய கம்பியல்லவா என்றார்கள் சிலர், அம்மன் கடைசியில் வந்துவிட்டாள் என்றார்கள் சிலர். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து காது டாக்டர் ஒருவர் வந்து, தோட்டை மாட்டி, கேட்டு, கழற்றி, அடுத்த பஸ்ஸுக்கே திரும்பிப் போனார். வெள்ளூரணி ரயில்வே கேட்டைத் தாண்டினால் அது வெறும் தோடுதான் என்று தெரிந்ததும் வெளியூர்க்காரர்களும் வருவதை விட்டுவிட்டார்கள். பிறகு ஊர் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கியது, தோட்டோடு.

தோடு மாட்டிய காதுக்குப் பேசியது பேச்சியம்மாளின் கை மட்டுமில்லை. டாக்கீஸ் பிள்ளைகளின் கைகள் பேசின, கடைத்தெரு வழியே அவர்கள் இரண்டிரண்டு பேராகப் போனால் குருவிக்கூட்டம் போவது போலிருந்தது. பேசப் பழகாத கைகளும் தங்களுக்குத் தெரிந்ததை முணுமுணுத்தன. முடிவெட்டுகிறவரின் கை ஒரே பாட்டை நாள் முழுக்கப் பாடியது, கண்டக்டரின் கை சில்லறை இருந்துகொண்டே இல்லை என்று சொன்னதை ஒத்துக்கொண்டது, புதுப்பெண்ணின் கை மாவு பிசைந்தபடி தன் ஊர்ப் பெயரையே சொல்லிக்கொண்டிருக்க, அதைக் கேட்ட மாமியார் அந்த வெள்ளிக்கிழமையே அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பி வைத்தாள். மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரல் பிடித்துப் பேசிய விலை, ஆண்களுக்கென்று அவள் செய்த கடுக்கன் போட்டவன் காதுக்கெல்லாம் எட்டிவிட, இரண்டு வாரம் மாடே விற்கவில்லை. மூன்றாவது வாரம் தரகர்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்விட்டு விலை சொன்னார்கள், மாடுகளுக்குக்கூட அது பிடித்திருந்ததாகச் சொன்னார்கள்.

டீக்கடையில் கொத்தனார் துரைப்பாண்டியின் வலதுகை, கிளாசை வாங்க நீண்டபோது, காலையில் பெண்டாட்டி கன்னத்தில் அது என்ன செய்தது என்று சொல்லிவிட்டது. டீ மாஸ்டர் கிளாசைத் திரும்ப எடுத்து வைத்தார். "இந்தக் கைக்கு டீ கிடையாது" என்றார். அடுத்த கடையிலும் கிடையாது, அதற்கடுத்த கடையிலும் கிடையாது. பதினேழு நாள் கழித்து அவன் பெண்டாட்டி பாக்கியத்தாய் தானே கடைக்கு வந்து நின்று, "இனிக் குடுங்க, மாஸ்டர். நான் பாத்துக்கிடுதேன்" என்று சொன்ன பிறகுதான் அந்தக் கை டீயைத் தொட்டது.

தங்களுக்குக் கைமொழியில் பெயர் இருப்பதையும் ஊர்க்காரர்கள் அப்போதுதான் தெரிந்துகொண்டார்கள். டாக்கீஸ் பிள்ளைகள் எத்தனையோ வருஷத்துக்கு முன்னாலேயே எல்லோருக்கும் பெயர் வைத்துவிட்டிருந்தார்கள். சொர்ணத்தின் பெயர், கரண்டியை லேசாகச் சாய்த்து உடனே நிமிர்த்துவது. தபால்காரர் பெயர், குடையை மறந்துவிட்டுத் திரும்பி ஓடுவது. கோபித்துக்கொண்டவர்கள் இருந்தார்கள், நல்ல பெயர் கேட்டுப் பள்ளிக்கூடத்துக்கே போனவர்களும் இருந்தார்கள்.

பேச்சியம்மாள் சொர்ணத்திடம் கேட்டாள்: "என் குரல் எப்படி இருக்கு?"

சொர்ணம் யோசித்தாள். "ரெண்டு வெத்தலைய வாயில அடக்கிக்கிட்டுச் சண்டைக்கு வாரவ மாதிரி இருக்கு."

பேச்சியம்மாளுக்கு மூன்று நாள் அந்தச் சந்தோஷம் போதுமாயிருந்தது. நான்காம் நாள் பல்லிவால் தோட்டைத் தானே மாட்டிக்கொண்டு, கண்ணாடிக்கு முன்னால் நின்று, கையால் தன் பெயரைச் சொன்னாள். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. கோபம் வந்தது. முப்பத்தாறு வருஷம் கண்ணுக்கு முன்னால் ஆடிய கையை, காதில் வந்து விழுந்தால்தான் இந்த ஊர் பார்க்குமா? கோபத்தோடே உட்கார்ந்து அன்றைக்கு ஒன்பது ஜோடி செய்தாள்.

ஊரெல்லாம் வாங்கிய பிறகும் அண்ணன் சுடலைமுத்து மட்டும் வாங்கவில்லை. அவனுக்குச் 'சாப்பிடு', 'வா', 'கரண்டை நிறுத்து' என்று ஒரு இருபது சைகை தெரியும், அதை வைத்தே தங்கையோடு காலத்தை ஓட்டிவிட்டான். இத்தனை வருஷம் அவள் கை தன்னை என்னவெல்லாம் சொல்லியிருக்கும் என்ற பயம் அவனுக்கு. ஐப்பசி மழையில் கடைக்கு ஆள் வராத ஒரு மத்தியானம், அவனாகவே டப்பாவைத் திறந்து ஒற்றைத் தோட்டை எடுத்துக் காதில் கவ்வவிட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றான்.

"ம், சொல்லு" என்றான்.

பேச்சியம்மாள் அவனையே பார்த்தாள். பிறகு பெஞ்சில் கிடந்த மோட்டாரைக் காட்டினாள். "மூணாவது காயில்ல நாலு சுத்து கம்மி. காலையிலேர்ந்து சொல்லுதேன். எரியப் போகுது."

சுடலைமுத்து எண்ணிப் பார்த்தான். நாலு சுற்று குறைவாகத்தான் இருந்தது. பிரித்துக் கட்டத் தொடங்கியவன், கை வேலையில் இருக்க, நிமிராமலே கேட்டான், அவள் பார்க்க வேண்டுமே என்று நினைவு வந்து நிமிர்ந்து மறுபடி கேட்டான்: "வேற ஒண்ணும் இல்லையா?"

"இருக்கு. நீ ஏன் கத்துக்கிடல்ல?"

நேரமில்லை என்று சொல்ல வந்தவன், கையில் இருந்த கம்பியை வைத்துவிட்டு, தெரிந்த இருபதில் எதுவும் உதவாமல், உள்ளங்கையை நெஞ்சில் வைத்துத் தேய்த்தான். அப்படி ஒரு சைகை கைமொழியில் கிடையாது. பேச்சியம்மாளுக்குப் புரிந்தது. மறுநாளிலிருந்து அவனுக்கு நாளைக்குப் பத்துச் சொல் என்று கணக்கு வைத்துக் கற்றுக்கொடுத்தாள், தப்புச் செய்தால் குறட்டால் தட்டினாள்.

கார்த்திகையில் கூரைத் தகடுகள் லாரியில் வந்து டாக்கீஸ் முற்றத்தில் இறங்கின. அன்றைக்குத்தான் ஊர்க் கமிட்டித் தலைவர் அணைஞ்சபெருமாளுக்குத் தூக்கம் கெட்டது.

டாக்கீஸ் கட்டடம் ஊர்ப்பொது. கமிட்டி தீர்மானித்தால் இடிக்கலாம். அணைஞ்சபெருமாள் கோயிலில் கும்பிட்டு நின்றபோது, குவிந்த அவர் கைகள் ஒன்றுக்கொன்று பேசிக்கொண்டதைத் தோடு போட்ட பெண்கள் கேட்டிருந்தார்கள்: "கீழ எழுபது கடை, மேல கல்யாண மண்டபம், தையோட செவிடுகள ஏத்தி விட்டுரணும்." அதன் பிறகு அவர் வெயிலிலும் சால்வை போர்த்திக் கைகளை உள்ளே வைத்துக்கொண்டுதான் நடந்தார். அப்படியே ஒருநாள் காயில் கடைக்கு வந்தார்.

"சுடலை, உன் தங்கச்சிட்ட சொல்லு. கூரையை நானே போட்டுத் தாரேன். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் நம்ம தோட்டத்துல பெரிய தொழுவம் சும்மா கிடக்கு, பள்ளிக்கூடத்தை அங்க மாத்திக்கிடட்டும். ஆனா இந்தத் தோடு செய்யுத வேலையை இன்னைக்கோட விட்டுரணும். ஊரு நிம்மதியா இருக்க வேண்டாமா?"

பேச்சியம்மாள் உதட்டைப் படித்து முடித்துவிட்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து சொன்னாள். சுடலைமுத்து, "யோசிச்சுச் சொல்லுதேன்னு சொல்லுதா, அண்ணாச்சி" என்றான். அவள் அவன் உதட்டையும் படித்தாள். குறட்டால் பெஞ்சில் ஓங்கித் தட்டினாள். சொன்னதைச் சொல்லு.

சுடலைமுத்துவுக்கு வேர்த்துவிட்டது. அவருடைய தோட்டத்தில் மட்டும் ஆறு மோட்டார் ஓடியது.

"தொழுவத்துல நீங்க போய் உக்காந்து படிங்கன்னு சொல்லுதா, அண்ணாச்சி" என்றான். பிறகு, அவள் சொல்லாததையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டான்: "உங்க மோட்டாரை வேற கடையில குடுத்துக்கிடுங்க."

மார்கழி மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் பந்தலில் ஊர்க்கூட்டம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னார்கள். டாக்கீஸை இடிப்பது பற்றித் தீர்மானம். செம்புத் தோடு, கடுக்கன் போட்டவர்களுக்குக் கூட்டத்தில் இடமில்லை, ஓட்டும் இல்லை. பந்தல் வாசலில் ஒரு பெரிய ஓலைக்கூடை வைத்திருந்தார்கள். வந்தவர்கள் கழற்றிக் கழற்றிப் போட்டார்கள். ஓட்டுப் போட வேண்டும் என்று கழற்றியவர்கள் உண்டு, கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்க் கழற்றியவர்களும் உண்டு. பேச்சியம்மாள் வந்தபோது கூடை நிரம்பியிருந்தது. கம்பங்கதிரும் மீன்முள்ளும் ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்ததைப் பார்த்தாள். ஒவ்வொன்றையும் எந்த மோட்டார்க் கம்பியில் செய்தோம் என்று அவளுக்குத் தெரியும். உள்ளே போனாள்.

கிளாடிஸை வெளியூர்க்காரி என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். பேச்சியம்மாளை நிறுத்த வழியில்லை, அவள் ஊர்க்காரி. அணைஞ்சபெருமாள் இருபது நிமிஷம் பேசினார். கூரை, பாதுகாப்பு, ஊர் வளர்ச்சி, பிள்ளைகளுக்கு வீட்டை விட நல்ல இடம் உண்டா என்றெல்லாம் பேசினார். அன்றைக்குச் சால்வை போர்த்தவில்லை, கையை நன்றாக ஆட்டிப் பேசினார். கேட்பதற்குத்தான் யாரும் இல்லையே. முடித்துவிட்டு, பேச்சியம்மாள் பக்கம் திரும்பி, அவள் படிக்க வசதியாக உதட்டை அகலமாக அசைத்தார்.

"உனக்கு ஏதும் சொல்லணும்னா சொல்லு, தாயி. யாரு வேண்டாம்னா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். பேச்சியம்மாள் பந்தல் நடுவே வந்தாள். முன்னூறு முகம். மூன்று மாதத்துக்கு முன்பு அவளைப் பார்த்த அதே மாதிரி, சுவரைப் பார்ப்பது போலப் பார்த்தன. அண்ணன் எழப் போனான், அவள் கையமர்த்தினாள். யார் வாயும் எனக்கு வேண்டாம். புரிந்தால் புரியட்டும், புரியாவிட்டால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கட்டும், அதுவும் அவர்களுக்கு ஒரு வேலைதான் என்று நினைத்தாள். கைகளை உயர்த்தினாள்.

"நான் முத்தையா மக பேச்சியம்மா. உங்க வயலுக்குப் பாயுத தண்ணி என் கை வழியா வாரது. மூணு மாசம் என் பேச்சைக் கேட்டீங்க. சண்டை போட்டீங்க, சிரிச்சீங்க. இன்னைக்குக் கூடையில கழத்திப் போட்டுட்டு வந்து உக்காந்திருக்கீங்க."

முகங்கள் அசையவில்லை. அவள் நிறுத்தவில்லை. இன்னும் பெரிதாக, தோளிலிருந்து, பந்தல் கடைசிவரை தெரிகிற மாதிரி சொன்னாள்.

"அந்த இருபத்தாறு பிள்ளைகளும் கழத்திப் போடுத தோடு இல்ல. வீட்டுக்கு அனுப்பினா, தாகம்னு சொல்லவும் அதுகளுக்கு ஆள் கிடையாது."

அப்போதுதான் இரண்டாவது வரிசையில் அதைப் பார்த்தாள். சொர்ணத்தின் உதடு அசைந்துகொண்டிருந்தது. பேச்சியம்மாளின் கைக்கு அரை மூச்சுப் பின்னால் அது வந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு அனுப்பினா. ஊறுகான்னு சொல்லவும் ஆள் கிடையாது.

பேச்சியம்மாள் கையை நிறுத்தி, சொர்ணத்தை நேராகப் பார்த்து, தொண்டையில் விரலை இழுத்து அந்தச் சொல்லை மறுபடி போட்டாள். தாகம். சொர்ணத்தின் உதடு திருத்திக்கொண்டது. தாகம்.

பக்கத்தில் பாக்கியத்தாயின் உதடு அசைந்தது. டீ மாஸ்டரின் உதடு அசைந்தது. மூன்று மாதம் காதில் கேட்டபோதெல்லாம் கண்ணும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது, யாரும் அதைக் கவனிக்கவில்லை, கண்ணே கவனிக்கவில்லை. மாட்டுத் தரகர்கள், விரலால் பேசியே பிழைத்தவர்கள், எல்லோரையும் விட வேகமாகப் பிடித்தார்கள். வரிசை வரிசையாக, கொஞ்சம் முன்னும் பின்னுமாக, இங்கே ஒரு சொல் தவறி அங்கே ஒரு சொல் விழுந்து, பந்தல் முழுக்க உதடுகள் அசைந்தன. பிறந்ததிலிருந்து அடுத்தவர் சொல்லையே உதட்டில் படித்து வந்த பேச்சியம்மாள், அன்றைக்கு முதல்முறையாகத் தன் சொல்லை முன்னூறு உதட்டில் படித்தாள்.

"என்ன சத்தம் அங்க?" என்று அணைஞ்சபெருமாள் எழுந்தார். "யாரு தோட்டைக் கழத்தாம உள்ள வந்தது?" வரிசைக்குள் இறங்கி, ஒவ்வொரு காதாகப் பார்த்துக்கொண்டே போனார். ஒரு காதிலும் செம்பு இல்லை. வெறும் துளைகள்தான் இருந்தன.

பேச்சியம்மாள் அவர் திரும்பி வரும்வரை காத்திருந்துவிட்டு முடித்தாள். "நான் கெஞ்ச வரல்ல. தகடு வந்திருக்கு. நாளைக்குக் காலைல மேல ஏறி மாட்டுவேன். நிறுத்துதவங்க வந்து நிறுத்துங்க."

கடைசிச் சொல் பந்தலில் வாய்விட்டே ஒலித்தது என்று அண்ணன் பிறகு சொன்னான்.

இடிக்க வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவர். பதினான்கு கைகள் எழுந்தன. வேண்டாம் என்பவர்கள் தூக்கலாம் என்றார். ஒருவரும் தூக்கவில்லை. அவர் முகம் மலர்ந்தது. அதற்குள் சொர்ணம், இருந்த இடத்திலேயே, உள்ளங்கையை நெஞ்சுக்கு முன்னால் குறுக்கே ஒரு வெட்டு வெட்டினாள். டாக்கீஸ் பிள்ளைகள் 'முடியாது' என்று சொல்வது அப்படித்தான். பந்தல் முழுக்கக் கைகள் குறுக்கே வெட்டின. கமிட்டிக் கணக்கர் எண்ணிப் பார்த்து, எழுத வார்த்தை தெரியாமல், 'முடியாது' என்றே எழுதினார்.

மறுநாள் பேச்சியம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். சுடலைமுத்து ஏறினான். கொத்தனார் வேண்டுமே என்று பார்த்தபோது துரைப்பாண்டி கீழே நின்றான். பேச்சியம்மாள் ஏணிமேலிருந்து பாக்கியத்தாயைப் பார்த்தாள். பாக்கியத்தாய் தலையசைத்த பிறகுதான் அவனுக்கு ஏணியில் வழி விட்டாள். நாலு நாளில் கூரை முடிந்தது. ஐந்தாம் நாள் மழை பெய்தது. ஒரு சொட்டு உள்ளே விழவில்லை, அந்தோணியம்மாள் மட்டும் விழுந்ததாகச் சொல்லிக் கிளாடிஸைப் பாத்திரம் தூக்கிக்கொண்டு ஓடவிட்டாள்.

கூடையிலிருந்த தோடுகளை அவரவர் தேடி எடுத்துக்கொண்டார்கள். அவை இன்னும் பேசுகின்றனவா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். பார்த்தாலே புரிவதால் காதில் விழுகிறதா கண்ணில் படுகிறதா என்று யாருக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பேச்சியம்மாளிடம் கேட்டார்கள். "எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

தை ஒன்றாம் தேதி காலையில் பள்ளிக்கூடத்தில் பொங்கல் வைத்தார்கள். அணைஞ்சபெருமாளை யாரும் அழைக்கவில்லை, அதற்காக வராமல் இருப்பவர் இல்லை அவர். மாலையோடு வந்து, மைக்கைப் பிடித்து, இந்தக் கூரை எழும்ப ஊர்க் கமிட்டி எடுத்த முயற்சிகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார். எதிரே உட்கார்ந்திருந்த ஊர் அமைதியாகக் கேட்டது. கைகள் மட்டும் அசைந்தன. பிள்ளைகள் ஒரு சொல் போட்டார்கள், பெண்கள் பதிலுக்கு ஒன்று போட்டார்கள், தரகர்கள் மூன்று விரலில் என்னவோ சொல்ல, டீ மாஸ்டர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கினார். சிரிப்பு ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசைக்குச் சத்தமில்லாமல் தாவியது. அணைஞ்சபெருமாள் பேச்சை நிறுத்தினார். திரும்பத் தொடங்கினார். மறுபடி நிறுத்தினார். அத்தனை பேருக்கும் விளங்குவது தனக்கு மட்டும் விளங்காமல் கூட்டத்தின் நடுவே நிற்பது எப்படி இருக்கும் என்பது, அந்தக் கொட்டகையில் பேச்சியம்மாள் அளவுக்கு யாருக்கும் தெரியாது.

அவர் மைக்கை மூடிக்கொண்டு அவள் பக்கம் குனிந்தார்.

"என்ன சொல்லுதாவ எல்லாரும்?"

பேச்சியம்மாள் உதட்டைப் படித்தாள். பக்கத்தில் கிடந்த பலகையையும் சாக்குக்கட்டியையும் எடுத்து, அவசரமில்லாமல், ஒவ்வொரு எழுத்தாகத் திருத்தமாக எழுதி, அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

'ஒண்ணாம் வகுப்பு திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு. தரையில்தான் உட்காரணும்.'